ஏரிப் படங்களை அச்சிடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியை மூன்று வருஷமாகப் படம் எடுத்து வருகிறேன். ஒரு கரையில் குப்பை கொட்டுகிறார்கள், எதிர்க்கரையில் இன்னும் பறவைகள் வருகின்றன. சொந்தக் காசில் சின்னப் புத்தகம் போட ஆசை. ‘ஃபோனில் போட்டால் போதாதா?’ என்கிறார் வீட்டுக்காரர். அவர் சொல்வது சரியா?
- ஒரு வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: அச்சிடுங்கள். ஃபோனிலும் போடுங்கள், ஆனால் அங்கே ஒரு விரல் தள்ளினால் உங்கள் ஏரி காணாமல் போய்விடும்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் பீட்டர் டோம்ப்ரோவ்ஸ்கிஸ் என்றொரு புகைப்படக்காரர் இருந்தார். கனமான கேமராவைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போய்ப் படமெடுப்பார், அதையெல்லாம் தானே தொடங்கிய பதிப்பகத்தில் காலண்டராகவும் டைரியாகவும் போடுவார். அங்கே 1972-இல் பெடர் ஏரி நீர்மின் திட்டத்தில் மூழ்கிப்போனது. அடுத்து ஃபிராங்க்ளின் ஆற்றில் அணை என்றார்கள். ஜனங்களில் பெரும்பாலோர் அந்த ஆற்றைப் பார்த்ததே கிடையாது. 1983 மார்ச் தேர்தலுக்கு முன், காலைப் பனியில் அந்த ஆறு வளைந்து போவதை அவர் எடுத்த படம் நாளிதழ்களில் முழுப்பக்க வண்ண விளம்பரமாக வந்தது, இதை அழிக்கப்போகும் கட்சிக்கா உங்கள் ஓட்டு என்ற கேள்வியோடு. படம் மட்டுமே அணையை நிறுத்தியது என்று சொல்லமாட்டேன். மறியல் செய்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள், ஜூலையில் நாட்டின் தலைமை நீதிமன்றம் 4-க்கு 3 என்று தீர்ப்பளித்த பிறகுதான் வேலை நின்றது. ஆனால் எந்த ஆற்றுக்காக இத்தனை பேர் போராடுகிறார்கள் என்பதை வீட்டில் இருந்தவர்களுக்கும் காட்டியது அந்தப் படம்தான்.

அதனால் குப்பையை மட்டும் அச்சிடாதீர்கள். இன்னும் மிச்சமிருக்கிற அழகையும் போடுங்கள், அதைப் பார்த்தால்தான் எதை இழக்கப்போகிறோம் என்று உறைக்கும். ஒரே இடத்தில் நின்று வேறு வேறு மாதங்களில் எடுத்தவை இருந்தால் அவைதான் உங்கள் பலம். ஒவ்வொன்றின் கீழும் தேதியும் இடமும் கட்டாயம் வேண்டும், நாளைக்கு மனுவோடு இணைக்கவும் உதவும். அப்புறம், படத்துக்காகக் கூட்டுக்குப் பக்கத்தில் போகவே போகாதீர்கள், தாய்ப்பறவை பயந்து எழுந்தால் முட்டையைக் காக்கை தூக்கிவிடும்.

புத்தகம் என்றால் 16 பக்கம் போதும், சென்டர் பின் அடிக்கலாம் (பக்கங்கள் நாலின் மடங்காக இருக்கவேண்டும்). ஐம்பது பிரதிதான் என்றால் டிஜிட்டல் பிரிண்ட்டே கட்டுப்படியாகும். ஆனால் என்னைக் கேட்டால் முதலில் காலண்டர் போடுங்கள். மாதத்துக்கு ஒரு படமாக டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் வருஷம் முழுக்க உங்கள் ஏரி தொங்கும், புத்தகமே வாங்காதவர்களும் பார்ப்பார்கள். ஐப்பசிக்குள் படங்களைத் தேர்ந்தெடுத்து அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள், அதற்குப் பிறகு பிரஸ்களில் காலண்டர் வேலை குவிந்துவிடும்.