பத்து நிமிடப் பேச்சுக்கு யாரை எடுக்கலாம்?

கல்லூரியில் தொலைக்காட்சி நாயகிகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும், பட்டியலில் இருபது பேர் இருக்கிறார்கள், யாரை விடுவது என்று கேட்டிருந்தீர்கள். எல்லோரையும் தொட்டால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். இரண்டு பேர் போதும்.

முதலில் மேரி ரிச்சர்ட்ஸ். 1970இல் அமெரிக்காவில் 'தி மேரி டைலர் மூர் ஷோ' தொடங்கியபோது அவர் முப்பது வயதான, கல்யாணம் ஆகாத, செய்திப் பிரிவில் வேலை பார்க்கும் பெண். விவாகரத்தானவராகத்தான் முதலில் யோசித்தார்கள். சேனல் ஒத்துக்கொள்ளாததால் காதல் முறிந்தவராக மாற்றினார்கள். 1972இல் வந்த ஒரு பகுதியில், தனக்கு முன் அதே வேலையில் இருந்த ஆணைவிடத் தன் சம்பளம் குறைவு என்று மேரிக்குத் தெரிய வருகிறது. நேராக மேலதிகாரி லூ கிராண்டிடம் போய்க் கேட்கிறார். முன்பிருந்தவர் ஆண், அதுதான் காரணம் என்று வெகு சாதாரணமாகப் பதில் வருகிறது. இந்த ஒரு காட்சியை நிதானமாகச் சொல்லுங்கள், அரங்கம் காது கொடுக்கும்.

அப்புறம் 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் உஹுரா. 1966லேயே விண்கலத்தின் தகவல்தொடர்பு அதிகாரியாக ஒரு கறுப்பினப் பெண்! நடித்த நிஷெல் நிக்கோல்ஸ் விலக நினைத்தபோது, கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் தன்னைத் தடுத்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் உஹுராவுக்கு வசனம் குறைவாகத்தான் கொடுத்தார்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நேரம் மிஞ்சினால் 1972இல் 'மாட்' என்ற அமெரிக்கத் தொடரின் 47 வயது நாயகி கருக்கலைப்பு செய்துகொள்ள முடிவெடுத்த இரண்டு பகுதிகளைச் சேருங்கள். கருக்கலைப்பு உரிமையை அமெரிக்கா முழுவதற்கும் தந்த தீர்ப்பு 1973 ஜனவரியில்தான் வந்தது.