மெடிக்கலுக்கு மட்டும் பிரஷர் மாத்திரை போட்டால் போதுமா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. சிங்கப்பூர் ஷிப்யார்டில் வெல்டர். போன மாதம் பிரஷர் 160/100 இருந்ததாம். வேறு கம்பெனிக்கு மாறப் போகிறார். அதற்கான மெடிக்கலுக்கு (உடல் பரிசோதனைக்கு) முந்தின மூன்று நாள் மாத்திரை போட்டால் போதும், தொடர்ந்து போட்டால் வேலை பர்மிட்டுக்குப் பிரச்சினை என்கிறார் ஏஜென்ட். நம்ம இனத்துக்கே பக்கவாதம் சீக்கிரம் வரும், அது விதி என்கிறார்களாம் கூட இருப்பவர்கள். என்ன செய்வது? (ஒரு வாசகி, அறந்தாங்கி)

பதில்: அம்மா, முதலில் அந்த ஏஜென்டை விடுங்கள். ஏஜென்டுகள் வழக்கமாக வாங்கித் தருவது அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை. அது முழுசாக வேலை செய்யவே ஒரு வாரம் ஆகும். ஆக, மூன்று நாள் தந்திரம் தந்திரமாகக்கூடத் தேறாது. சில மாதங்களுக்கு முன் விமான நிலையத்திலிருந்து நேராக ஒருவரைச் சக்கர நாற்காலியில் என்னிடம் அழைத்து வந்தார்கள். 39 வயது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சட்டைப் பையில் பத்து மாத்திரை அட்டை. மூன்று குழி மட்டும் காலி. யார் வாங்கிக் கொடுத்தது என்று மனைவியைக் கேட்டேன். "ஏஜென்ட் அண்ணன்தான் சார்."

இனம் என்ற பேச்சுக்கு வருவோம். சிங்கப்பூரிலேயே பக்கவாத விகிதம் அதிகமாக இருப்பது மலாய்க்காரர்களிடம். அமெரிக்காவில் 30,000 பேருக்கு மேல் பின்தொடர்ந்த 'ரிகார்ட்ஸ்' ஆய்வில், 45 முதல் 54 வயதுக்குள் கறுப்பினத்தவருக்குப் பக்கவாதம் வருவது வெள்ளையரைப்போல் சுமார் நான்கு மடங்கு. 85 வயதைத் தாண்டினால் அந்த வித்தியாசத்தையே காணோம். ரத்தம்தான் காரணமென்றால் உழைக்கிற வயதில் மட்டும் ஏன் இப்படி ஏற வேண்டும்? பிரஷர், சர்க்கரை, வருமானம், படிப்பு எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்ததுமே வித்தியாசத்தில் ஏறத்தாழ பாதிக்கு விடை கிடைத்துவிட்டது.

உங்கள் கணவரின் வாரத்தை எண்ணிப் பாருங்கள். 44 மணி நேர வேலை, அதற்கு மேல் மாதம் 72 மணி வரை ஓ.டி. சட்டம் அனுமதிப்பதே வாரத்துக்கு 60 மணியாகிவிடுகிறது. வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொல்லிவிட்டன. விடிவதற்குள் கட்டி மதியம் பிரிக்கிற கேட்டரிங் சோறு, அதை இறக்க ஊறுகாய், ஏஜென்டுக்குக் கட்டிய பணத்துக்கு வட்டி. விதி என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

2023 ஜூலை முதல் முதலாளி குறைந்தது 60,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். விழுந்தால் செலவழிக்க அவ்வளவு பணம். விழாமலிருக்க மாத்திரை போடுகிறவனுக்கோ வேலை போய்விடுமோ என்ற பயம். பர்மிட்டை ரத்து செய்யும் அதிகாரம் முதலாளி கையில் இருக்கும்போது எவன் வாய் திறந்து பிரஷர் என்பான்? சரி, என் கோபத்தால் உங்களுக்கு என்ன லாபம். டார்மில் (தொழிலாளர் விடுதியில்) இருப்பவர்களுக்கான மருத்துவ மையத்தில் டாக்டரைப் பார்க்க அவர் கையிலிருந்து 5 வெள்ளிக்கு மேல் போகாது. இந்த வாரமே போய், எழுதித் தருவதைத் தினமும் போடட்டும். பிரஷர் இறங்கிவிட்டது என்று தானாக நிறுத்த வேண்டாம்.

வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 995, அதுதான் சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண். சூப்பர்வைசருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று டிக்கெட் போட்டுத் தருகிறவனை நம்பவே வேண்டாம். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, வாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதிலும் ஒரு சிக்கல். நைட் ஷிப்ட் முடித்துக் காலை எட்டுக்குப் படுத்தவர் மாலை நாலுக்குக் கை விழுந்து எழுந்தால், அறையில் இருப்பவர்கள் "நேரம் தாண்டிப்போச்சு" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். தாண்டிவிட்டது என்று அவர்களாக முடிவு கட்டக் கூடாது. மூளையில் இன்னும் காப்பாற்றக்கூடிய பகுதி இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்து, சிலருக்கு ஊசி போடுகிறோம். பெரிய ரத்தக் குழாய் அடைத்திருந்தால் பொருத்தமானவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடக் கட்டியை உறிஞ்சி எடுக்க முடியும். ஆனால் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று யாராவது சொல்ல வேண்டும். பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில், ஆளுக்கொரு ஷிப்டில், யாருக்குத் தெரியும்? படுக்கும் முன் அவர் உங்களிடம் போனில் பேசுவார் அல்லவா, அந்த நேரம் உங்கள் போனில் இருக்கும். ஆஸ்பத்திரியில் இருந்து கேட்டால் அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.