கேளுங்கள், சொல்கிறேன்: கடலைக் காணவில்லை!

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட்டில் சின்னக் குழந்தைகளோடு போக எந்தக் கடற்கரை நல்லது என்று சென்ற இதழில் ஒருவர் கேட்டிருந்தார். ஆர்லியன்ஸ் ஊரில் இருக்கும் ஸ்காக்கெட் கடற்கரை என்று நாலே வரியில் பதில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் நாற்பது வரி எழுதியிருக்க வேண்டும் போல. சரி, இந்த முறை முழுக்க அதே கடற்கரைதான்.

கேள்வி: மைல் கணக்கில் மணல், முழங்கால் ஆழத் தண்ணீர் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். நியூஜெர்சியிலிருந்து ஆறு மணி நேரம் கார் ஓட்டி, பௌர்ணமிக்கு மறுநாள் மதியம் பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். குடை விரிக்கவே இடம் தேட வேண்டியிருந்தது, கொஞ்சம் தள்ளிப் போனாலே என் மகனுக்குக் கழுத்தளவு தண்ணீர். எந்த ஊரைப் பார்த்துவிட்டு எழுதினீர்கள்?

பதில்: அதே ஊரைத்தான். நான் எழுதாமல் விட்டது நேரத்தை. தப்பு என்னுடையது, திட்டுங்கள்.

கேப் காட் வளைகுடாவில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே உள்ள உயர வித்தியாசம் சராசரியாக மூன்று மீட்டருக்குப் பக்கம். இந்த வளைகுடா மெய்ன் வளைகுடாவின் ஒரு மூலை; அதன் இன்னொரு மூலையில்தான் உலகிலேயே பெரிய ஏற்றவற்றம் நடக்கும் ஃபண்டி வளைகுடா இருக்கிறது, அங்கே 16 மீட்டர் வரை போகும். தொட்டித் தண்ணீரை ஒரே தாளத்தில் ஆட்டிக்கொண்டே இருந்தால் ஓரத்தில் அலம்பல் பெரிதாகுமே, அதே கதைதான், அந்தப் பகுதி முழுவதும் அட்லாண்டிக்கின் தாளத்துக்கு ஆடுகிறது. அதே கேப் காட்டின் தென்பக்கம், நான்டக்கெட் பக்கமாகப் போனால் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான்.

மூன்று மீட்டர் என்பது செங்குத்தான பாறைக் கரையில் பெரிய விஷயமில்லை. ஸ்காக்கெட்டிலும் பக்கத்து ஊரான புரூஸ்டரிலும் கடலடி கிட்டத்தட்டத் தட்டு போலக் கிடக்கிறது, அதனால் மூன்று மீட்டர் இறங்கினால் தண்ணீர் ஒரு மைல் தூரம் வரை பின்வாங்கிவிடும். ஏறினால் அதே ஒரு மைலையும் மூடிவிடும். நீங்கள் போய் இறங்கியது கிட்டத்தட்ட உச்ச ஏற்றத்தில்.

நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், இடையில் ஆறேகால் மணி நேரம். மறுநாள் எல்லாமே 50 நிமிடம் தள்ளிப் போகும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நம் வீட்டு நாள்காட்டியை வைத்தே இந்தக் கடற்கரைக்கு நேரம் குறித்துவிடலாம் என்பது எனக்கே சில வருடம் கழித்துத்தான் உறைத்தது. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கோடைக்கால மணிக்கணக்கில் ஏற்றம் நண்பகலுக்குச் சற்றுப் பின், வற்றம் காலையும் மாலையும் ஆறரை, ஏழு மணிக்கு. அஷ்டமியை ஒட்டி அப்படியே தலைகீழ்: நடுப்பகலில் வற்றம். அஷ்டமியில் எதுவும் தொடங்கக் கூடாது என்று என் பாட்டி சொல்வார், குழந்தைகளோடு ஸ்காக்கெட் போக மட்டும் அஷ்டமிதான் முகூர்த்தம். அந்த நாட்களில் கடல் பௌர்ணமி அளவுக்கு ஒரேயடியாக உள்வாங்காது, ஆனாலும் வாளி மண்வெட்டி வைத்திருக்கும் ஆறு வயதுக்கு அந்த மணல் தாராளம். நிமிடக் கணக்குக்கு, அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவாவின் (NOAA) ஏற்றவற்ற அட்டவணை இணையத்தில் இலவசம். கிளம்பும் தேதியை முடிவு செய்வதற்கு முன்பு பாருங்கள், கிளம்பின பிறகு பார்த்துப் பயனில்லை.

கேள்வி: ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவை அழைத்துப் போனோம். கரையில் உட்கார்ந்திருந்தவர் கடல் உள்ளே போவதைப் பார்த்துவிட்டு, "பிள்ளைகளைக் கூப்பிடு, மேலே ஓடு" என்று அலறிவிட்டார். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அம்மா செய்தது சரிதான். 2004 டிசம்பரைப் பார்த்த யாரும் கடல் உள்வாங்கினால் அப்படித்தான் பதறுவார்கள், பதறவும் வேண்டும். நம் கிழக்குக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் அளவுதான் வித்தியாசம், அங்கே கடல் திடீரென்று தூரமாய்ப் போனால் அது கெட்ட செய்தி. இங்கே அது தினசரி வேலை. மறுநாளும் அதே இடத்துக்கு அழைத்துப் போய், அட்டவணைத் தாளைக் கையில் கொடுத்து, எத்தனை மணிக்குத் தண்ணீர் திரும்பும் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். ரயில் நேரம் பார்ப்பது போலத்தான், இரண்டாம் நாளே பழகிவிடும்.

ஆனால் இவ்வளவு சாதுவான கடலிலும் பயப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. அது திரும்பி வருவது. ஆறு மணி நேரமும் ஒரே சீராக ஏறாது: முதல் ஒரு மணியில் மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று, மூன்று, கடைசியில் இரண்டு, ஒன்று. அதாவது நடு இரண்டு மணி நேரத்திலேயே பாதித் தண்ணீர், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், வந்துவிடும். மணல்வெளி தட்டு என்று சொன்னேனே, முழுத் தட்டு இல்லை, நடுநடுவே பள்ளங்களும் ஓடைகளும் உண்டு. வரும் தண்ணீர் முதலில் அந்தப் பள்ளங்களில்தான் புகும். நீங்கள் மேட்டில் நின்று நண்டு பார்த்துக்கொண்டிருப்பீர்கள், முன்னால் தண்ணீர் இன்னும் தூரத்தில் இருக்கும், முதுகுப் பக்கம் ஓடை நிறைந்திருக்கும். எனக்கு நடந்திருக்கிறது. இடுப்பளவுதான் என்றாலும் தோளில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை, போன், கார்ச் சாவி எல்லாவற்றோடும் கடப்பது சுகமான அனுபவம் இல்லை. வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் உள்ளே நடக்கத் தொடங்குங்கள், உச்ச வற்றம் வந்ததும் கரையைப் பார்த்துத் திரும்பிவிடுங்கள், ஓரமாக விளையாட இன்னும் இரண்டு மணி நேரம் கிடைக்கும். பனிமூட்டம் இறங்கினாலோ இடி கேட்டாலோ எதையும் பார்க்காமல் திரும்ப வேண்டும். மூட்டத்தில் அந்த வெளியில் எந்தப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இடி நேரத்தில் அந்த ஒரு மைலுக்கும் உயரமான பொருள் நீங்கள்தான்.

கேள்வி: கேப் காட் என்றாலே வெள்ளைச் சுறா என்கிறார்களே?

பதில்: சுறா பேச்சு பெரும்பாலும் வெளிப்பக்கத்தைப் பற்றியது. வரைபடத்தில் கேப் காட் மடக்கிய கை போல இருக்கும், ஆர்லியன்ஸ் முழங்கை அருகில். கையின் வெளிப்பக்கம், நாசெட் முதல் வெல்ஃப்ளீட், ட்ரூரோ வரை, நேராக அட்லாண்டிக்கைப் பார்க்கிறது. அலை, ஆழம், சீல் என்ற கடல்நாய்க் கூட்டம், சீலைத் தேடி வரும் சுறா எல்லாம் அங்கே. 2018 செப்டம்பரில் வெல்ஃப்ளீட்டில் ஓர் இளைஞர் சுறா கடித்து இறந்தார், அந்த மாநிலத்தில் 1936க்குப் பிறகு அப்படி ஒரு சாவு அதுதான் முதல். ஸ்காக்கெட் கையின் உள்பக்கம், மடிக்குள் இருப்பது போல. வளைகுடாவுக்குள்ளும் சுறா வருவதுண்டு, அதை மறைக்க மாட்டேன், ஆனால் முழங்கால் ஆழத்தில் உட்கார்ந்து மணல் வீடு கட்டும் குழந்தைக்கு அது கவலை இல்லை. சுறா உருவம் போட்ட ஊதாக் கொடி தெரிந்தால் உயிர்காப்பாளர் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: அலையே இல்லாத கடற்கரையில் என்ன சார் இருக்கிறது?

பதில்: உங்களுக்கு நாசெட். ஆர்லியன்ஸிலேயே இருக்கிறது, காரில் பத்து, பதினைந்து நிமிடம். குழந்தைகளை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: மணலில் பெரிய தலைக்கவசம் மாதிரி, நீண்ட வாலோடு ஒரு பிராணியைப் பார்த்து மகள் பயந்துவிட்டாள். கொட்டுமா? அங்கே கிடக்கும் சிப்பிகளை எடுத்து வந்து சமைக்கலாமா?

பதில்: அது லாட நண்டு. பெயரில்தான் நண்டு, உறவுமுறையில் சிலந்திக்கும் தேளுக்கும் நெருக்கம். கொட்டாது, கடிக்காது, அந்த வால் கவிழ்ந்தால் நிமிர்ந்துகொள்ள உதவும் நெம்புகோல், அவ்வளவுதான். மல்லாந்து கிடந்தால் ஓட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் திருப்பிவிடச் சொல்லுங்கள், வாலைப் பிடித்துத் தூக்கினால் அதற்கு அடிபடும். டைனோசர்களுக்கும் முந்திய பரம்பரை. ரத்தம் நீல நிறம், ஊசி மருந்துகளில் பாக்டீரியா நச்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்க அதைத்தான் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறார்கள். மகள் போட்ட தடுப்பூசிக்கும் இவருக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள், பயம் போய்ப் பாசம் வந்துவிடும். மே, ஜூனில் முட்டையிடக் கரையேறும்போது நிறையப் பார்க்கலாம்.

காலி ஓடு ஒன்றிரண்டு பொறுக்கினால் யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் உள்ளே துறவி நண்டு குடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். உயிருள்ள மட்டி, சிப்பி எடுக்க அந்தந்த ஊர் நிர்வாகத்தின் உரிமம் வேண்டும், எந்த இடத்தில், எந்த நாளில், எந்த அளவு என்று விதி உண்டு. புரூஸ்டர் பக்கம் மணலில் வரிசையாகக் கம்பிச் சட்டங்கள் தெரிந்தால் அது யாரோ ஒருவருடைய சிப்பிப் பண்ணை, வயல் மாதிரி. கை வைக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவால் அதிகம் நடக்க முடியாது. கழிப்பறை, பார்க்கிங் எல்லாம் எப்படி?

பதில்: ஸ்காக்கெட்டை நான் சிபாரிசு செய்ததற்குப் பாதிக் காரணமே இதுதான்: காரிலிருந்து மணலுக்குச் சில அடிகள். கழிப்பறை உண்டு, கோடையில் சிற்றுண்டிக் கடையும் உயிர்காப்பாளரும் உண்டு. மணலில் புதையாத பெரிய சக்கர நாற்காலிகளை அந்தப் பகுதிக் கடற்கரைகள் பலவற்றில் இரவல் தருகிறார்கள், முன்கூட்டியே ஊர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பார்க்கிங்குக்கு வெளியூர்க்காரர்களிடம் நாள் கட்டணம் உண்டு, வருடத்துக்கு வருடம் மாறும், ஊர் இணையதளத்தைப் பாருங்கள். இடம் சிறியது, வெயில் நாளில் சீக்கிரமே நிரம்பிவிடும். சனிக்கிழமை வேண்டவே வேண்டாம், வாடகை வீடுகளில் ஆள் மாறும் நாள் அது, கேப் காட்டுக்குள் நுழையும் சாகமோர் பாலத்தில் கார்கள் நகராது.

அப்பாவுக்கு என் யோசனை: பௌர்ணமி மாலை. ஐந்து மணிக்குப் போங்கள், தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும், பகல் கூட்டம் கிளம்பிக்கொண்டிருக்கும். அட்லாண்டிக் கரையில் சூரியன் கடலில் உதிப்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், கடலில் மறைவதைப் பார்க்க இப்படி மேற்கே திரும்பிய வளைகுடா வேண்டும். ஜூலையில் எட்டேகாலுக்கு மறையும். அந்த நேரத்தில் ஈர மணல் முழுக்க வானத்தின் நிறம் படிந்திருக்கும், அவர் நாற்காலியை விட்டு எழவே வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உப்புச் சதுப்பிலிருந்து பச்சைக்கண் ஈ வரும், கடித்தால் சுருக்கென்று இருக்கும். சதுப்பில் கால் வைத்த கறுப்புப் பெட்டிகள் நிற்பதைப் பார்த்து, தேனீ வளர்க்கிறார்கள் என்று நான் ஒரு நண்பருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். அது ஈப்பொறி.