கிராமங்களில் குடல் அழற்சி நோய் உண்மையிலேயே அரிதா?

"எங்கள் ஊரில் இந்த நோய் வந்ததாக ஒருவரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை, காடு கழனியில் உழைக்கும் உடம்புக்கு இது வராதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். நகரத்தைவிடச் சற்றுக் குறைவாக வருகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஆனால் தாங்கள் கேள்விப்படாததற்கு அது மட்டுமே காரணமன்று.

மருத்துவர்கள் ஐபிடி என்று சுருக்கிச் சொல்லும் இதில் இரண்டு நோய்கள் அடக்கம். பெருங்குடலின் உட்சவ்வைப் புண்ணாக்குவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாய் தொடங்கி ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரக்கூடியது கிரோன் நோய். பலர் இதனோடு குழப்பிக்கொள்ளும் ஐபிஎஸ் என்னும் குடல் எரிச்சல் நோய்க்குறி வேறு. அதில் குடலில் புண் இராது.

கிராமம், நகரம் என்று பிரித்து எண்ணியவற்றுள் தெளிவானது, கனடாவின் நான்கு மாகாணங்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2017இல் வெளியான ஆய்வு. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் புதிதாக நோய் கண்டவர்கள் நகர்ப்புறத்தில் ஏறத்தாழ 33 பேர். கிராமப்புறத்தில் ஏறத்தாழ 31 பேர். இவ்வளவுதானா வேறுபாடு என்று தோன்றும். ஆனால் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மட்டும் தனியே பார்த்தால், கிராமத்துக் குழந்தைகளுக்கு நோய் வரும் வாய்ப்பு நகரத்துக் குழந்தைகளைவிட நாற்பது விழுக்காடு அளவுக்குக் குறைவாக இருந்தது. பிறந்த முதல் சில ஆண்டுகளைக் கிராமத்தில் கழிப்பதே பாதுகாப்புத் தருகிறது என்றும், வளர்ந்த பிறகு ஊர்ப்பக்கம் குடியேறுவதால் பெரிய பலன் இல்லை என்றும் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். மண்ணிலும் கால்நடைகளிடத்திலும் உள்ள நுண்ணுயிர்களோடு சிறு வயதிலேயே பழகும் உடலின் எதிர்ப்பாற்றல், பின்னாளில் தன் குடலையே தாக்குவது குறைகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். இந்தியாவில் கிரோன் நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒப்பிட்டு 2011இல் வெளியான ஆய்வொன்றிலும், வீட்டு வளாகத்தில் மாடு வைத்திருப்பவர்களிடம் இந்நோய் குறைவாகவே காணப்பட்டது. அதற்காக யாரும் தொழுவத்தில் படுத்துறங்க வேண்டியதில்லை. அது ஒரு தொடர்பைத்தான் காட்டுகிறது, மருந்தை அன்று.

இந்த விதியைப் புரட்டிப் போடும் ஊரும் உண்டு. மீன்பிடித்தலுக்கும் ஆடு வளர்ப்புக்கும் பேர்போன, ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் மட்டுமே வாழும், வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில்தான் உலகிலேயே மிக அதிக விகிதத்தில் புதிய நோயாளிகள் பதிவாகியுள்ளனர். ஆகவே ஊர் சிறியது என்பது மட்டும் காப்பாகாது.

இனித் தங்கள் ஊருக்கு வருவோம். பஞ்சாபில் 51,910 பேரை வீடு வீடாகச் சென்று விசாரித்து, ஐயத்துக்குரியவர்களுக்குக் குழாய்க் கேமராவால் குடலைப் பார்க்கும் உள்நோக்கிப் பரிசோதனை செய்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். கொலைட்டிஸ் உறுதியானவர்கள் 23 பேர், அதாவது லட்சத்துக்கு 44 பேர். அந்தக் கணக்கை அப்படியே பொருத்தினால், இரண்டாயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் ஒருவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த ஒருவரும், ஒரு நாளைக்குப் பத்து முறை ரத்தமும் சளியுமாகப் போகிறது என்பதை டீக்கடையில் உட்கார்ந்து சொல்லப்போவதில்லை.

என் பெரியப்பா அப்படிப்பட்டவர். நான்கு ஆண்டுகள் அவருக்கு "மூலம்" என்றே பெயர். துத்தி இலைச் சாறு, மோரில் கலந்த சூரணம், சந்தையில் வாங்கிய களிம்பு என ஒவ்வொன்றாகப் பார்த்தார். உடம்புச் சூடு என்று எண்ணெய்க் குளியலும் நடந்தது. கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தியதற்கு முழங்கால் வலியைக் காரணம் சொன்னார். எடை பதினோரு கிலோ குறைந்த பிறகே நகரத்து மருத்துவமனை ஒன்றில் கொலோனோஸ்கோப்பி, அதாவது பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை, செய்தோம். பெருங்குடலின் இடப்பக்கம் முழுவதும் புண். அந்த நான்கு ஆண்டுகளும் எந்த நோயாளர் கணக்கிலும் அவர் இல்லை. கிரோன் நோய் என்றால் இன்னொரு சிக்கலும் சேரும்: சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தில் குடல் காசநோயும் ஏறத்தாழ அதே போலத் தோன்றுவதால், காசநோய் மாத்திரைகளை மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்த பிறகே பலருக்கு உண்மை தெரிய வருகிறது.

கனடாவிலேயே, கிராமத்து நோயாளிகள் குடல் நிபுணரைக் குறைவாகவும் அவசரப் பிரிவை அதிகமாகவும் நாடுகின்றனர் என்று 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. நம் பக்கம் கொலோனோஸ்கோப்பி வசதி பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய நாள் பேதி மருந்து குடித்துவிட்டுப் பேருந்தில் வர வேண்டிய நிலையை எண்ணியே பலர் தள்ளிப்போடுகின்றனர்.

தங்கள் ஊரில் மூலம் என்றோ சீதபேதி என்றோ மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்தும் ரத்தம் நிற்காமல், இரவிலும் எழுந்து போக நேர்ந்து, எடையும் குறைந்துவரும் ஒருவர் இருந்தால், முதலில் மலத்தில் கால்புரோடெக்டின் என்னும், குடல் அழற்சியைக் காட்டும் புரதத்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மாதிரியை ஊரிலிருந்தே கொடுத்தனுப்பலாம். அளவு மிகுந்திருந்தால் கொலோனோஸ்கோப்பிக்குத் துணையாக ஒருவர் கூடப் போய்வருவது நல்லது.