ஸ்கீ பலகை விமானத்தில் உடைந்தால், பேக்கிங்கைக் காரணம் காட்டி நிறுவனம் கைவிரிக்க முடியுமா?

கேள்வி: நானும் என் மனைவியும் ஒரே டிக்கெட்டில், இடையில் விமானம் மாறி, வேறொரு நாட்டுக்குப் பனிச்சறுக்குக்காகச் சென்றோம். என் பெயரில் ஒப்படைத்த ஸ்கீ பை தாமதமாக வந்ததால், அதுவரை பலகைகளை வாடகைக்கு எடுத்தோம். பை வந்ததும் திறந்து பார்த்தால், ஒரு பலகையின் இரும்பு விளிம்பு வளைந்து, காலணியைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங் உடைந்திருந்தது. உள்ளே இருந்த மனைவியின் ஸ்கீ காலணியும் பிளந்திருந்தது. பை கைக்கு வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. கவுண்டரில் வாய்மொழியாக முறையிட்டேன். மென்மையான பையில் வைத்தது என் தவறு என்றும், செக்-இன் செய்தபோது பொறுப்பு விலக்கு டேக்கில் நானே கையெழுத்திட்டேன் என்றும், எதுவானாலும் முதல் விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டும் என்றும் இரண்டாவது நிறுவனம் சொல்கிறது. எனக்கு உரிமை ஏதும் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அந்த உரிமை இன்னும் மூன்று நாட்களில் கைநழுவிப் போகக்கூடும் என்பதால், மற்ற எதையும் விளக்குவதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன்: இன்றே எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள்.

நீங்கள் புறப்பட்ட நாடும் சென்றடைந்த நாடும் பன்னாட்டு விமானப் பயணத்தில் நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் சேர்ந்தவை என்று கொண்டு பதிலளிக்கிறேன். உலகின் பெரும்பாலான நாடுகள் அதில் சேர்ந்துள்ளன. அதன் 31-ஆவது பிரிவின்படி, ஒப்படைத்த லக்கேஜில் சேதம் இருந்தால் அது கைக்கு வந்த 7 நாட்களுக்குள்ளும், தாமதத்துக்காக என்றால் 21 நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் செய்தாக வேண்டும். அந்தக் கெடு தவறினால், நிறுவனம் மோசடி செய்ததாக நிரூபித்தாலன்றி, வழக்குத் தொடரவே முடியாது. கவுண்டர் ஊழியர் புகாரைக் கணினியில் பதிவு செய்திருந்தால் அதுவே எழுத்து மூலப் புகாராகும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. ஆயினும், உங்கள் கையில் பதிவின் நகல் இல்லாத நிலையில் அந்தத் தீர்ப்பை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மின்னஞ்சலில் பயண விவரம், லக்கேஜ் டேக் எண், சேதத்தின் விவரம், புகைப்படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து, சேதத்துக்கும் தாமதத்துக்கும் இழப்பீடு கோருவதாக வெளிப்படையாக எழுதுங்கள். தொகையைப் பின்னரும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அந்த மின்னஞ்சலை இரு நிறுவனங்களுக்கும் அனுப்ப வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகப் பல நிறுவனங்கள் ஏற்றிச் சென்ற பயணமானால், லக்கேஜ் விஷயத்தில் முதல் நிறுவனத்தின் மீதும், கடைசி நிறுவனத்தின் மீதும், எவருடைய பொறுப்பில் சேதம் நேர்ந்ததோ அவர் மீதும் பயணி வழக்குத் தொடரலாம் என்று 36-ஆவது பிரிவு சொல்கிறது. அவர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள். எந்த விமானத்தில் உடைந்தது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை அல்ல.

இனி, பேக்கிங் பற்றிய வாதத்துக்கு வருகிறேன். உங்கள் வழக்கின் உயிர்நாடி இதுதான். 17-ஆவது பிரிவின்படி, ஒப்படைத்த லக்கேஜ் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த காலத்தில் சேதம் நேர்ந்தால், நிறுவனத்தின் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பொருளின் உள்ளார்ந்த குறைபாடோ தன்மையோ சேதத்துக்குக் காரணமாக இருந்தால் மட்டும், அந்த அளவுக்கு மட்டும், அது விலக்குப் பெறும். பயணியின் கவனக்குறைவும் சேதத்துக்குக் காரணம் என்று நிறுவனம் நிரூபித்தால், 20-ஆவது பிரிவின்படி இழப்பீடு அதற்கேற்பக் குறையலாம் அல்லது முற்றிலும் மறுக்கப்படலாம். ஆகவே பேக்கிங் முக்கியமே; ஆனால் "மென்மையான பை" என்ற இரண்டு சொற்களால் விவாதம் முடிந்துவிடாது. அந்தப் பை உண்மையிலேயே அந்தச் சேதத்தை விளைவித்ததா என்பதே கேள்வி. பலகைகளின் அடிப்பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பட்டையால் கட்டி, பைண்டிங்குகளைச் சுற்றித் துணி திணித்து, முனைகளுக்கு உறையிட்டிருந்தால், அதை விரிவாக எழுதி, படம் இருந்தால் இணையுங்கள். இரும்பு விளிம்பை வளைக்கும் அளவுக்கான விசை சாதாரணக் கையாளுதலில் ஏற்படக்கூடியதா என்று ஒரு ஸ்கீ பழுதுபார்ப்பவரிடம் எழுத்து மூலம் கருத்துப் பெறுங்கள். அதற்கு முன் பழுதுபார்க்கவோ, பையைத் தூக்கி எறியவோ வேண்டாம். கிழிந்த பையும் சாட்சியமே.

நீங்கள் கையெழுத்திட்ட டேக்கைப் பொறுத்தவரை, உடன்படிக்கை விதிக்கும் பொறுப்பிலிருந்து நிறுவனத்தை விடுவிக்கும் எந்த ஒப்பந்த விதியும் செல்லாது என்று 26-ஆவது பிரிவு திட்டவட்டமாகக் கூறுகிறது. பேக்கிங் குறைபாட்டை நீங்கள் அறிந்திருந்தீர்கள் என்பதற்குச் சான்றாக அதை அவர்கள் காட்டலாம். அதற்கு மேல் அதற்கு வலு இல்லை என்பதே என் கருத்து. பயணிகள் பலர் இந்த ஒரு கையெழுத்துக்கு அஞ்சி உரிமையைக் கைவிட்டுவிடுவது வேதனைக்குரியது.

பை உங்கள் பெயரில் பதிவானதால் மனைவியின் காலணிக்கு இழப்பீடு இல்லை என்று நிறுவனம் அடுத்ததாகச் சொல்லக்கூடும். அதே விமானத்தில் பயணம் செய்தவர், தன் பொருள் மற்றவரின் பையில் இருந்ததை நிரூபித்தால், தன் பெயரிலேயே இழப்பீடு கோரலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்துள்ளது. அந்தத் தீர்ப்பு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எடுத்துக்காட்டத் தக்கது. மனைவியும் தனிப் புகார் அனுப்பட்டும். உச்சவரம்பு பைக்கு அல்ல, பயணிக்குத்தான் என்பதால் இது தொகையிலும் உதவும்.

அந்த உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்பு உரிமை அலகுகள் (SDR எனப்படும், பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு). சேதம், தாமதம் இரண்டுக்கும் சேர்த்தே இந்த வரம்பு. பலகைகளின் வாடகை 19-ஆவது பிரிவின்படி தாமத இழப்பில் சேரும். தாமதத்தைத் தவிர்க்க நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்ததாக நிறுவனம் நிரூபித்தால் மட்டும் அது கிடைக்காது. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வரம்பு என்பது தானாகக் கிடைக்கும் தொகை அல்ல; பயன்படுத்திய பலகைக்குப் புதிய விலையைக் கேட்டால் தேய்மானத்தைக் கழிக்கவே பார்ப்பார்கள்.

அடுத்த பயணத்தில் உபகரணத்தின் மதிப்பு வரம்பைத் தாண்டினால், செக்-இன் செய்யும்போதே சிறப்பு மதிப்பு அறிவிப்பைச் செய்து, கேட்கும் கூடுதல் கட்டணத்தைச் செலுத்தினால் அறிவித்த தொகை வரை கோர முடியும். காலணியைக் கையில் கொண்டுசெல்வது பாதுகாப்பானதுதான். ஆனால் கைப்பையில் உள்ள பொருளுக்கு, நிறுவனத்தின் தவறு இருந்தால் மட்டுமே அதற்குப் பொறுப்பு உண்டு என்பதையும் அறிந்து முடிவெடுங்கள்.

புகாருக்குத் திருப்தியான பதில் வராவிட்டால், சென்றடைந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருப்பதால் அந்தக் காலம் நீளும் என்று எண்ண வேண்டாம். சென்றடைந்த இடத்தின் நீதிமன்றத்திலோ, நிறுவனத்தின் தலைமையிடத்திலோ, டிக்கெட்டை விற்ற அதன் அலுவலகம் உள்ள இடத்திலோ வழக்கிடலாம்; எது உங்களுக்குச் செலவு குறைவு என்பதை உங்கள் ஊர் வழக்கறிஞருடன் கலந்து தீர்மானியுங்கள்.