வாசகர் கேள்வி பதில்: மூணு டெர்மும் களிமண்ணுதானா?

ஸ்கூல் வருஷம் முடியப்போகுதுன்னாலே நம்ம பகுதிக்கு வர்ற லெட்டரோட டோனே மாறிடுது. மார்க்கு, ஹோம்வொர்க்கெல்லாம் ஓரமா போயிட்டு இந்தத் தடவை என்ரிச்மென்ட் கிளாஸ் பத்தியும், வருஷக் கடைசில பிள்ளைங்கள எழுதச் சொல்ற ரிஃப்ளெக்ஷன் பத்தியும்தான் நிறைய பேர் கேட்டிருக்கீங்க. எழுதின எல்லாருமே சின்ன பிரைமரி ஸ்கூல், ஒரு வகுப்புக்கு ஒரே செக்ஷன் இருக்கற டைப். அதனால எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துட்டேன்.

கேள்வி: மேடம், என் பையன் மூணாவது படிக்கிறான். அவங்க ஸ்கூல்ல வாரத்துக்கு ஒரு மதியம் என்ரிச்மென்ட் கிளாஸ், டெர்முக்கு ஒண்ணு பிள்ளைங்களே சூஸ் பண்ணிக்கலாம். செஸ், கீபோர்டு, நாடகம், தோட்டம், களிமண்ணுன்னு லிஸ்ட் குடுப்பாங்க. இவன் மூணு டெர்மும் களிமண்ணுதான்! அடுத்த வருஷம் செஸ்ல போட்டா மேத்ஸுக்கு ஹெல்ப்பா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. கட்டாயப்படுத்தலாமா?

பதில்: செஸ் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லங்க, ஆசைப்பட்டு ஆடுற பிள்ளைக்கு அது அருமையான விளையாட்டு. ஆனா மேத்ஸுக்காக செஸ்னு சொன்னா கொஞ்சம் நில்லுங்க. இங்கிலாந்துல 100 ஸ்கூல்ல இத பெரிய அளவுல டெஸ்ட் பண்ணாங்க, 2016ல ரிப்போர்ட் வந்துச்சு. ஒம்பது பத்து வயசுப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் டைம்லயே 30 மணி நேரம் செஸ் சொல்லிக்குடுத்துட்டு ஒரு வருஷம் கழிச்சு மேத்ஸ் மார்க்கைப் பாத்தா, செஸ் கிளாஸே இல்லாத ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் இவங்களுக்கும் சொல்லிக்கற மாதிரி ஒரு வித்தியாசமும் இல்ல.

அப்போ கீபோர்டுல போடவான்னு அடுத்து கேப்பீங்க, அதனால அதையும் சொல்லிடுறேன். 2004ல ஷெல்லன்பர்க்னு கனடால ஒரு ஆராய்ச்சியாளர் 144 ஆறு வயசுப் பிள்ளைங்கள நாலு குரூப்பா பிரிச்சு ஒரு குரூப்புக்கு கீபோர்டு, ஒண்ணுக்கு பாட்டு, ஒண்ணுக்கு நாடகம், ஒரு குரூப்புக்கு எதுவுமே இல்லன்னு ஒரு வருஷம் பாத்தாரு. மியூசிக் கத்துக்கிட்ட பிள்ளைங்களுக்கு ஐக்யூ 7 பாயிண்ட் ஏறிச்சுன்னு எல்லா எடத்துலயும் நியூஸ், ஆனா மத்த பிள்ளைங்களுக்கும் 4 பாயிண்டுக்கு மேல ஏறியிருந்துச்சுங்கறத யாரும் பெருசா போடல, ஆக உண்மையான வித்தியாசம் 3 பாயிண்டு கூட இல்ல. அப்புறம் 2020ல சாலா, கோபேன்னு ரெண்டு பேர் இந்த மாதிரி 54 ஆய்வுகள, கிட்டத்தட்ட 7000 பிள்ளைங்கள, மொத்தமா சேர்த்துப் பாத்தாங்க. அதுல நல்லா கறாரா நடத்தின ஆய்வுகள மட்டும் எடுத்தா படிப்புக்கும் புத்திக்கும் வர்ற லாபம் ஏறக்குறைய ஜீரோ. மியூசிக்க மியூசிக்குக்காக கத்துக்கிட்டா போதும், வேற வேலை எதையும் அது தலைல ஏத்த வேணாம். (அந்த 2004 ஆய்வுல நாடகம் போன பிள்ளைங்க மத்தவங்களோட பழகறதுல முன்னேறியிருந்தாங்க. அது ஐக்யூ இல்லயே, அதனால யாரு கண்ணுலயும் படல போல.)

இப்போ களிமண்ணுக்கு வருவோம். மூணு டெர்மும் அதேதானேன்னு நீங்க நெனக்கிறீங்க, அவனுக்கு அது அதே கிடையாது. மொத டெர்ம்ல கிண்ணம் பண்ணிருப்பான், ஒரு பக்கம் தடியா ஒரு பக்கம் மெல்லிசா இருந்து காயும்போது விரிசல் விட்டிருக்கும். அப்புறம்தான் கனம் ஒரே மாதிரி இருக்கணும்னு கைக்கு தெரிஞ்சிருக்கும். கைப்பிடி வச்சா கழண்டு விழுந்திருக்கும், அப்போ ஒட்டுற ரெண்டு பக்கமும் கீறிவிட்டு களிமண்ண தண்ணில கூழா கரைச்சு தடவணும்னு கத்திருப்பான். மூணாவது டெர்ம்லதான் மனசுல நெனச்ச உருவம் கையில வரும். ரென்சூலின்னு ஒரு அமெரிக்க கல்வியாளர் 1977லயே என்ரிச்மென்ட்ட மூணு வகையா பிரிச்சு சொன்னாரு. மொத வகை பலதையும் எட்டிப் பாக்குறது, ரெண்டாவது அதுக்கு வேண்டிய திறமைய பழகுறது, மூணாவது பிள்ளையே ஒரு விஷயத்த எடுத்துக்கிட்டு உள்ள இறங்கி நெசமான ஒண்ண செஞ்சு முடிக்கறது. நிறைய ஸ்கூல்ல மொத வகையோட நின்னுடுது, டெர்முக்கு ஒண்ணுன்னு மாத்திவிட்டுட்டே இருக்கறதால. உங்க பையன் தானாவே மூணாவது வகைப் பக்கம் போயிட்டு இருக்கான், நீங்க இழுத்து மொதல் வகைக்கு கொண்டு வரப் பாக்குறீங்க!

ஒண்ணே ஒண்ணு மட்டும் செக் பண்ணிக்கோங்க. ஃபிரெண்டு இருக்கான்னு போறானா, இல்ல நாடகம்னா மேடை ஏறணும், பயமா இருக்குன்னு அங்க போயி ஒளிஞ்சுக்கறானா? நேரா கேட்டா சொல்ல மாட்டான். "இந்த டெர்ம்ல எது உடைஞ்சுது, ஏன் உடைஞ்சுது"ன்னு கேளுங்க. ஆர்வம் இருக்கற பிள்ளை கதை கதையா சொல்லும். முழிச்சான்னா அப்போ வேற கிளாஸ் பத்தி மெதுவா பேசலாம், அப்பவும் கட்டாயம் வேணாம்.

கேள்வி: அக்கா, நான் ஒரு சின்ன ஸ்கூல்ல ரெண்டாவது, மூணாவது ரெண்டு வகுப்புக்கும் டீச்சர். வருஷக் கடைசில எல்லா பிள்ளையும் ஒரு பக்கம் ரிஃப்ளெக்ஷன் எழுதணும்னு ஹெச்எம் சொல்லிட்டாங்க. போன வருஷம் எழுத வச்சேன், எல்லாரும் ஒரே மாதிரி "இந்த வருஷம் ரொம்ப நல்லா இருந்தது, நிறைய கத்துக்கிட்டேன், நன்றி மிஸ்". படிச்சு படிச்சு எனக்கே அலுத்துப்போச்சு. இது தேவையா அக்கா?

பதில்: தேவைதான் தங்கச்சி, ஆனா நீங்க நடத்தின மாதிரி நடத்துனா அந்த மூணு வரிதான் வரும், பெரியவங்கள உக்கார வச்சாலும் அதேதான் வரும். ஏழு எட்டு வயசுப் பிள்ளைகிட்ட ஒரு முழு வருஷத்த யோசிச்சு சொல்லுன்னா அதுக்கு எங்க போகும், போன வாரம் நடந்ததே பாதிதான் ஞாபகம் இருக்கும். அதனால மொதல்ல கையில பொருள் குடுங்க. வருஷ ஆரம்பத்துல எழுதின நோட்டு, மொத தடவ வரைஞ்ச படம், தோட்டத்துல வெத போட்டப்போ எடுத்த போட்டோ, இதெல்லாம் டேபிள் மேல பரப்பிட்டு இப்போ எழுதினதையும் பக்கத்துல வைக்கச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷம் ஒண்ணும் கேக்காதீங்க. சிரிப்பாங்க, "ஐயே என் எழுத்தப் பாரு"ம்பாங்க, பக்கத்துல இருக்கறவன் நோட்டையும் எட்டிப் பாப்பாங்க. வேலை ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம்.

அடுத்து கேள்விய சின்னதாக்குங்க. "இந்த வருஷம் என்ன கத்துக்கிட்ட"ன்னு கேக்காதீங்க, அது மலை மாதிரி கேள்வி. ரெண்டு நோட்டுல எது மாறியிருக்கு, எங்க மாட்டிக்கிட்ட, அப்போ யாரு ஹெல்ப் பண்ணா, எந்த வேலைய திரும்ப செய்யச் சொன்னா சந்தோஷமா செய்வ, எதச் சொன்னா ஓடிப்போயிடுவன்னு கேளுங்க. அந்த கடைசி கேள்விய எடுத்துடாதீங்க, குறை சொல்லவும் எடம் இருக்குன்னு தெரிஞ்சாதான் பாராட்டும் நெசமா வரும். ஹார்வர்டுல 1967ல இருந்து நடக்கற ப்ராஜெக்ட் ஜீரோங்கற ஆராய்ச்சி குழு ஒரு சுலபமான முறை வச்சிருக்காங்க, "முன்னாடி இப்படி நெனச்சேன், இப்போ இப்படி நெனக்கிறேன்"னு ரெண்டே வரி. தோட்டம் கிளாஸ் போன பிள்ளை "முன்னாடி மண்புழு செடிய தின்னுடும்னு நெனச்சேன், இப்போ அது மண்ண பொலபொலன்னு ஆக்கும்னு தெரியும்"னு எழுதினா, ஒரு பக்க நன்றியுரைய விட அந்த ரெண்டு வரி உங்களுக்கு எவ்வளவோ சொல்லும்.

ரெண்டாவதுல பாதிப் பேருக்கு நெனக்கற வேகத்துக்கு எழுத்து வராது, அதனாலயும்தான் மூணு வரியோட முடிச்சுடுறாங்க. அவங்க சொல்லட்டும், நீங்க எழுதிக்கோங்க, இல்ல மூணாவது பிள்ளைய எழுத வைங்க. ரெண்டு வகுப்பும் ஒரே ரூம்ல இருக்கறது இதுக்கு நல்ல வசதி. சொன்னத சொன்ன மாதிரியே எழுதணும்னு மட்டும் கண்டிப்பா சொல்லிடுங்க. படம் வரைஞ்சு கீழ ஒரு வரி போட்டாலும் ஓகே. செவப்பு பேனாவ அன்னிக்கு பைக்குள்ள வச்சுடுங்க, ஸ்பெல்லிங் திருத்தினீங்கன்னா அடுத்த தடவை தெரிஞ்ச வார்த்தைய மட்டும் வச்சு எழுதுவாங்க, மார்க் போட்டீங்கன்னா உங்களுக்கு புடிச்சத எழுதுவாங்க.

யாரு படிக்கப்போறாங்கன்னு முன்னாடியே சொல்லிடுறதும் முக்கியம். உங்களுக்குன்னு எழுத வச்சுட்டு பேரன்ட்ஸ் வர்ற அன்னிக்கு சுவத்துல ஒட்டுனா பிள்ளைங்க மறுபடி உங்கள நம்ப மாட்டாங்க. அப்புறம் கடைசி வாரத்துல வைக்காதீங்க, அப்போ எல்லாரும் மனசளவுல லீவுக்கு போயாச்சு. ரெண்டு மூணு வாரம் முன்னாடி வச்சீங்கன்னா "பின்னம் இன்னும் புரியல மிஸ்"னு ஒருத்தன் எழுதினத வச்சு ஏதாவது செய்யவும் டைம் இருக்கும், செய்யலேன்னா அவன் எழுதினதுக்கு என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

அடுத்த வருஷத்துக்கு ஒரு ஐடியா. ரான் பெர்கர்னு ஒரு அமெரிக்க ஆசிரியர் ஊர் ஊரா ஒரு பட்டாம்பூச்சிப் படத்த எடுத்துட்டுப் போயி பிள்ளைங்ககிட்ட காட்டுவாரு. ஒண்ணாவது பையன் ஒருத்தன் போட்டோவப் பாத்து வரைஞ்சது, மொத படம் எல்லா சின்னப் பிள்ளையும் போடற பட்டாம்பூச்சி மாதிரிதான் இருக்கும். கூடப் படிக்கற பிள்ளைங்க மொதல்ல றெக்கையோட ஷேப், அப்புறம் கோடு, அப்புறம் கலர்னு ஒண்ணொண்ணா சொல்லச் சொல்ல திரும்பத் திரும்ப வரைஞ்சு, ஆறாவது படம் நெசப் பூச்சி மாதிரியே வந்திருக்கும். இது தெரிய வந்ததே அந்த அஞ்சு பழைய படத்தையும் யாரோ தூக்கிப் போடாம வச்சிருந்ததாலதான். அதனால ஜூனியர் பிள்ளைங்களுக்கு ஆளுக்கொரு ஃபைல் போட்டு, ஆரம்பத்துல செஞ்ச மோசமான வேலையையும் தேதி போட்டு அதுல வைங்க. நல்லதா பாத்து எடுத்து வச்சா ஒப்பிட ஒண்ணும் இருக்காது.

கேள்வி: எங்க ஸ்கூல்ல என்ரிச்மென்ட் கிளாஸ் முடிச்ச எல்லாருக்கும் சர்டிஃபிகேட், பெஸ்ட் ஸ்டூடன்ட்டுக்கு மெடல்னு பிடிஏல பேசிட்டு இருக்கோம். பிள்ளைங்கள மோட்டிவேட் பண்ணும்ல?

பதில்: பண்ணும், ஆனா மெடல் பக்கம் மோட்டிவேட் பண்ணும். 1973ல அமெரிக்கால ஒரு நர்சரி ஸ்கூல்ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் ஒரு சோதனை பண்ணாங்க. தானாவே ஆசையா ஸ்கெட்ச் பேனால படம் போடற பிள்ளைங்களா பாத்து எடுத்து, ஒரு குரூப்புக்கு படம் போட்டா ரிப்பன் வச்ச சர்டிஃபிகேட் தருவோம்னு முன்னாடியே சொன்னாங்க, ஒரு குரூப்புக்கு சொல்லாம கடைசில குடுத்தாங்க, இன்னொரு குரூப்புக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு ஃப்ரீ டைம்ல யாரு படம் போடறாங்கன்னு பாத்தா, முன்னாடியே பரிசு சொன்ன குரூப் மத்தவங்கள விட ஏறக்குறைய பாதி நேரம்தான் போட்டாங்க. பரிசு எதிர்பார்க்காத ரெண்டு குரூப்புக்கும் ஆசை அப்படியே இருந்துச்சு.

அதனால "மெடல் உண்டு"ன்னு நோட்டீஸ் ஒட்டாதீங்க. செஞ்சத காட்ட ஒரு மதியம் ஏற்பாடு பண்ணுங்க, பாட்டு கிளாஸ் பாடட்டும், களிமண் கிளாஸ் செஞ்சத வரிசையா வைக்கட்டும், உடைஞ்சதும் சேத்து. மொத்தமே நூறு பிள்ளை இருக்கற ஸ்கூல்ல ஒருத்தர மட்டும் பெஸ்ட்டுன்னு கூப்பிட்டா மத்த எல்லாருக்கும் அவங்க பெஸ்ட் இல்லன்னு பேரோட தெரிஞ்சு போயிடும்.

கேள்வி: டீச்சர்ஸே அஞ்சு பேர்தான், எப்படி அஞ்சாறு கிளாஸ் நடத்துறது? பேரன்ட்ஸ உள்ள விடலாமா?

பதில்: தாராளமா, தையல் தெரிஞ்ச தாத்தாவும் சைக்கிள் ரிப்பேர் தெரிஞ்ச அம்மாவும் எங்கயும் இருப்பாங்க. ஆனா யாரா இருந்தாலும் ஸ்கூல் விதிப்படி செக் பண்ணிட்டுதான் உள்ள விடணும், எப்பவும் ஒரு டீச்சர் அதே ரூம்ல இருக்கணும், தெரிஞ்சவங்கதானேன்னு இதுல தளர்த்தவே கூடாது. வருஷம் பூரா வாங்கன்னா பயந்துடுவாங்க, ஆறு வாரம்னு கேளுங்க. வகுப்பு வாரியா பிரிக்காம ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் ஆர்வத்த வச்சு கலந்து போடுங்க, சின்ன ஸ்கூல்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுங்கறதால பெருசு சிறுசுக்கு சொல்லிக்குடுக்கறது தானா நடக்கும்.

கேள்வி: என் பொண்ணு ரிஃப்ளெக்ஷன்ல "எனக்கு இந்த வருஷம் புடிச்சது இன்டர்வல் மட்டும்தான்"னு எழுதியிருக்கா. டீச்சர் மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு தெரியல. திருத்தி எழுதச் சொல்லவா?

பதில்: ஐயோ வேணாம் சார், எல்லா கடிதத்துலயும் நேர்மையான ஆளு உங்க பொண்ணுதான்! இன்டர்வல்ல என்ன பண்ணுவ, யாரோட இருப்பன்னு கேளுங்க. விளையாட்டுக்கு ரூல் போட்டு நாலு பேர சேத்து நடத்துறவளா இருந்தா அதையே அடுத்த டெர்ம் நாடகம் கிளாஸ்ல செய்யலாமேன்னு சொல்லிப் பாக்கலாம். அப்படி இல்லாம கிளாஸ்ல யாரோ கிண்டல் பண்றாங்க, போர்டு சரியா தெரியல, பாடம் புரியல, அதனால இன்டர்வல்தான் நிம்மதின்னு வந்துச்சுன்னா அந்த பேப்பர அப்படியே எடுத்துட்டுப் போயி டீச்சர்கிட்ட காட்டுங்க. திருத்திட்டுப் போனா அவங்களுக்கு தெரிய வழியே இல்ல.