கேள்வி-பதில்: திரையில் மாறாத எண்

கேள்வி: எங்கள் பக்கம் 10 விநாடிக்கு ஒருமுறை பின்னணியில் சர்வரைக் கேட்டு, காத்திருப்போர் எண்ணிக்கையைப் புதுப்பிக்க வேண்டும். சிலருக்கு மட்டும் எண் மணிக்கணக்கில் மாறுவதில்லை. சோதிக்கலாம் என்று பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸை (பக்கம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று காட்டும் கருவிகள்) திறந்தால் ஒழுங்காக ஓடுகிறது. என்ன மாயம் இது?

பதில்: அதன் நெட்வொர்க் டேபில் 'டிசேபிள் கேச்' (பிரவுசர் சேமித்து வைத்த பழைய பதில்களைப் பயன்படுத்தாதே என்ற தேர்வு; அந்தச் சேமிப்புதான் கேச்) டிக் செய்யப்பட்டிருக்கிறதா பாருங்கள். டூல்ஸ் திறந்திருக்கும்வரைதான் அது வேலை செய்யும். மூடியதும் பிரவுசர் மறுபடி கேச்சுக்குப் போய்விடும். டிக்கை எடுத்துவிட்டு 'சைஸ்' பத்தியைக் கவனியுங்கள். அங்கே 'டிஸ்க் கேச்' அல்லது 'மெமரி கேச்' என்று இருந்தால் கோரிக்கை சர்வரை எட்டவே இல்லை. ஸ்டேட்டஸ் 200 ('வெற்றி' என்ற குறியீடு) என்பதை நம்ப வேண்டாம். கேச்சிலிருந்து எடுத்த பதிலுக்கும் அதே 200தான்.

கெட் கோரிக்கைக்கு (தகவலைக் கேட்டு வாங்கும் கோரிக்கை) வரும் பதிலில் கேச்-கன்ட்ரோல், எக்ஸ்பயர்ஸ் ஹெடர்கள் (பதிலோடு வரும் குறிப்பு வரிகள்) இரண்டும் இல்லையென்றால், எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று பிரவுசரே ஊகிக்கும். லாஸ்ட்-மாடிஃபைட் (கடைசியாக மாறிய) தேதி இருந்தால், அன்று முதல் கடந்த காலத்தில் 10 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு. 10 நாள் மாறாமல் கிடந்த கோப்பை ஒருவர் எடுத்தால், அவருக்கு ஒரு நாள் முழுக்க அதே எண்தான். சற்றுமுன் மாறிய கோப்பை எடுத்தவருக்குச் சில விநாடிகளில் சரியாகிவிடும். 'சிலருக்கு மட்டும்' என்பதன் ரகசியம் இதுவாகவே இருக்கும்.

சர்வர் பதிலில் 'கேச்-கன்ட்ரோல்: நோ-ஸ்டோர்' (சேமிக்கவே வேண்டாம்) சேருங்கள். 'நோ-கேச்' என்பது வேறு: பிரதியை வைத்துக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் சரிபார்த்த பிறகே பயன்படுத்தும். பதில் பெரிதாக இருந்து, ஈடேக்கும் (பதிலின் பதிப்பைக் காட்டும் அடையாளக் குறி) அனுப்பினால் இதுவே மேல். மாற்றமில்லாதபோது உள்ளடக்கம் இல்லாத 304 ('மாறவில்லை' என்ற குறியீடு) மட்டும் வரும். ஒன்றை மறக்கக்கூடாது: ஏற்கெனவே கேச்சில் உட்கார்ந்துவிட்ட பழைய பிரதிக்குப் புதிய ஹெடர் தெரியாது. கோரிக்கையின் முகவரியை ஒருமுறை மாற்றினால் அந்தத் தொல்லை தீரும்.

கேள்வி: முகவரியின் கடைசியில் நேரத்தை ஒட்டி அனுப்பினால் போதாதா?

பதில்: வேலை நடக்கும். ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் 'கேச்: ஃபால்ஸ்' செய்வதும் அதைத்தான். ஆனால் சேமிக்கத் தடையில்லாத பதில்கள் என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பிரதி கேச்சில் சேரும். 10 விநாடிக்கு ஒன்று என்றால் ஒரு மணி நேரத்தில் 360. எங்களைக் கேட்டால், ஃபெட்ச் (சர்வரைக் கேட்கும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை) அழைப்பில் கேச் மதிப்பை 'நோ-ஸ்டோர்' என்று வைப்பதே சுத்தமான வழி. அதற்குப் பிறகும் பழைய எண் வந்தால் பதிலில் 'ஏஜ்' ஹெடர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வழியில் இருக்கும் இடைநிலைச் சர்வர் (சிடிஎன் அல்லது ப்ராக்ஸி) தன் பிரதியைக் கொடுக்கிறது. சைஸ் பத்தியில் 'சர்வீஸ் வொர்க்கர்' (பக்கத்துக்கும் சர்வருக்கும் இடையே பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட்) என்று இருந்தால் அந்த ஸ்கிரிப்டைத் திறந்து பாருங்கள். அது தனியாக வைத்திருக்கும் கேச்சை 'டிசேபிள் கேச்' தொடாது.

கேள்வி: புதிய எண் வந்து, உடனே பழைய எண்ணுக்குத் திரும்புகிறது. இதுவும் கேச்தானா?

பதில்: பெரும்பாலும் இல்லை. குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையான செட்இன்டர்வல், முந்தைய பதில் வந்ததா என்று பார்க்காமல் அடுத்ததைக் கேட்கிறது; தாமதமான முதல் பதில் இரண்டாவதன் மேல் எழுதிவிடுகிறது. பதில் வந்த பின்போ, பிழையில் முடிந்த பின்போ செட்டைம்அவுட்டால் (சிறிது நேரம் கழித்து ஒருமுறை மட்டும் ஓடும் கட்டளை) அடுத்த கோரிக்கையைக் கிளப்புங்கள்.